எந்த .22 ரைபிள் துல்லியமானது என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்; பிழை இருந்தால் திருத்துங்கள். நீங்கள் திருகோணமலையில் இருக்கிறீர்கள். ஒரு வருடமாகக் கொழும்புக்குப் போய்வந்து 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறீர்கள். இனி 50 மீட்டருக்கு, அதாவது .22 அங்குல ரவை சுடும் ரிம்ஃபயருக்கு மாறப் போகிறீர்கள். கழகத்தில் இரண்டு ரைபிள் காட்டியிருக்கிறார்கள். ஒன்று பொலிஷ் உரிந்த பழைய அன்ஷூட்ஸ் 1407. மற்றது பெட்டி பிரித்துக் கொஞ்ச நாளேயான, ஸ்கோப் பூட்டிய சிஇசட் 457. "இரண்டில் எது துல்லியம் கூட? பிறகு சொந்தமாக வாங்குவதென்றால் எதை வாங்கலாம்?" என்று கேட்டிருந்தீர்கள். எதைக் கையில் எடுத்தால் குறைந்த புள்ளியே கைவிட்டுப் போகும் என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். அது கொஞ்சம் வேறு கேள்வி. பதிலும் அதற்குத்தான்.

நான் உப்புவெளிக்காரன். இருபத்திரண்டு வருடம் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தேன். தொழில் லேத் வேலை. அங்கே நம்மூர்க் கோயில் சபை மாதிரி ஊருக்கு ஊர் ஒரு துப்பாக்கிச் சுடும் கழகம் இருக்கும். பொழுது போகட்டும் என்று சேர்ந்தேன். இரும்பு வேலை தெரிந்தவன் என்றதும் கழகத்து ரைபிள்களைப் பராமரிக்கும் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். படுத்துச் சுடுவதும் மூன்று நிலைப் போட்டியும் என் அனுபவம். அதுவும் மாவட்ட லீக் தரம்தான், பெரிய ஆள் ஒன்றும் இல்லை. மேசையில் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் என் பக்கம் இல்லை. அந்த ஆட்களின் கணக்கு வேறு.

முதலில் எந்தப் போட்டி என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்எஸ்எஃப் என்ற சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் சம்மேளனத்தின் விதிப்படி நடக்கும் 50 மீட்டர் ரைபிள் என்றால் ஸ்கோப்புக்கு இடமே இல்லை. பின்னால் துளைக் குறிகாட்டி, முன்னால் வளையம், அவ்வளவுதான். ஒவ்வொரு ரவையையும் கையால் போட்டுச் சுட வேண்டும்; ருகர் 10/22 மாதிரித் தானாக ஏற்றிக்கொள்ளும் ரைபிள்களை அந்த வரிசையில் வைக்க முடியாது. ஒலிம்பிக்கில் 50 மீட்டரில் இப்போது இருப்பது மூன்று நிலைப் போட்டி மட்டும்: முழங்காலில் 20, படுத்து 20, நின்று 20. படுத்துச் சுடும் தனிப் போட்டி 2016 ரியோவோடு ஒலிம்பிக்கை விட்டுப் போய்விட்டது. ஆகவே சிஇசட் 457 எவ்வளவு நன்றாகச் சுட்டாலும், இப்போதிருக்கும் கோலத்தில் அதை வைத்து அந்தப் போட்டிக்கு இறங்க முடியாது. ஸ்கோப்பைக் கழற்றி, துளைக் குறிகாட்டி வாங்கி, குழலின் முனையில் முன் வளையத்துக்கு ஓர் இருக்கையும் செய்விக்க வேண்டும். செய்யலாம். ஆனால் அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது, எவ்வளவு துல்லியம் போதும்? இதை ஒருவரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. 50 மீட்டர் அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ரவையின் விட்டம் 5.6. ஓட்டையின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்து. அப்படியானால் ரவையின் நடு, அட்டையின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் விலகினாலும் பத்துத்தான். ஆட்டமே இல்லாமல் பிடித்திருந்தால், நடுவுக்கு நடு 16 மில்லிமீட்டர் பரவும் ரைபிளும் பத்துப் பத்தாகவே போடும். எங்கள் கழகத்தில் இதற்கு ஓர் எளிய அளவு இருந்தது: பத்து ஓட்டையையும் விளிம்போடு சேர்த்து ஓர் ஐந்து சத யூரோ நாணயத்தால் மூட முடிந்தால், ரைபிளைக் குறை சொல்லாதே. அந்த நாணயம் 21.25 மில்லிமீட்டர். கணக்குப்படி 21.6 வரை போகலாம். தசமப் புள்ளி எண்ணும் இறுதிச் சுற்றில் 10.2க்கும் 10.8க்கும் வித்தியாசம் உண்டு, அங்கே இன்னும் இறுக்கமாக வேண்டும். நீங்கள் அங்கே போகும்போது இந்தப் பதிலை வாசிக்கத் தேவை இருக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரிம்ஃபயரில் துல்லியத்தைத் தீர்மானிப்பதில் பாதிக்கு மேல் ரவையின் கையில் இருக்கிறது. .22 லோங் ரைபிள் 1887 இல் வந்த பழைய வடிவம். தீப்பற்றும் மருந்து நடுவில் இராது. உறையின் அடிவிளிம்புக்குள் (அதுதான் 'ரிம்') சுற்றிவரப் பூசப்பட்டிருக்கும். ஒரு ரவையில் அந்தப் பூச்சு ஒரு பக்கம் தடித்திருந்தால், ஊசி எந்தப் பக்கம் அடித்தது என்பதைப் பொறுத்து வேகம் மாறும். பெரிய அளவு ரவை சுடும் ரைபிள்காரர்கள் வீட்டில் இருந்து தங்கள் ரவையைத் தாங்களே நிறுத்து நிரப்பிக்கொள்வார்கள். இதில் அது நடவாது; தொழிற்சாலை தருவதுதான். வேகத்தில் வினாடிக்கு 10 மீட்டர் கூடிக் குறைந்தால், 50 மீட்டரில் உயரம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் மாறும். வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீட்டர்தான். மூச்சைப் பிடித்து, விசையைப் பூப்போல அமர்த்தி, ஒன்பது விழுந்தால் அது சில நேரம் உங்கள் பிழையே இல்லை.

அதனால்தான் நல்ல ரவைப் பெட்டியில் லொட் நம்பர், அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதியின் இலக்கம், அடித்திருப்பார்கள். ஈலி டெனெக்ஸ், லபுவா, ஆர்டபிள்யூஎஸ் ஆர்50, கொஞ்சம் கைக்கடக்கமாக எஸ்கே, எதை எடுத்தாலும் ஒரே பெயரில் வரும் இரண்டு லொட் ஒன்று போல இராது. ஒரு சனிக்கிழமை காலையில் பார்த்ததைச் சொல்கிறேன். கழகத்து ரைபிள் ஒன்றை வைஸில் இறுக்கி, ஒரே கொம்பனி, ஒரே பெயர், ஒரே விலை, இரண்டு லொட் வைத்துச் சுட்டோம். முதல் லொட்டில் பத்து ரவையும் ஒரே கிழிசலாக, நாணயத்துக்குள் மறைந்தன. இரண்டாவதில் ஏழு ஒன்றாக நின்றன, மூன்று மேலும் கீழும் தெறித்தன. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு முன் அந்த வேலையைப் பார்த்த கிழவர் சிரித்தார். பக்கத்தில் இருந்த வேறொரு ரைபிளை வைஸில் ஏற்றச் சொன்னார். அதில் அந்த இரண்டாவது லொட்தான் நன்றாகப் போனது! முதலாவது சுமார். நல்ல ரவை, கெட்ட ரவை என்பதைவிட, இந்தக் குழலுக்கு இந்த லொட் என்று பொருத்தம் பார்ப்பதுதான் சரி. நம்மூரில் கல்யாணத்துக்குச் சாதகம் பார்ப்பது பலித்ததோ இல்லையோ, இது பலிக்கும்.

விலை கூடிய ரவைதான் நன்றாகப் போகும் என்பதும் எப்போதும் உண்மை இல்லை. நடுத்தர ரவையோடு ஒட்டிப்போகும் குழல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் வேகம் கூடிய வேட்டை ரவையைத் தொடாதீர்கள். போட்டி ரவை வினாடிக்கு 320, 330 மீட்டர் அளவில் ஒலியின் வேகத்துக்குக் கீழேயே பறக்கும்படி செய்யப்படுகிறது. வேகமானது ஒலி வேகத்தை ஒட்டிய பகுதியில் குலுங்குவதோடு, பக்கக் காற்றிலும் கூடவே விலகும். வேகமாகப் போனால் காற்றுக்கு நேரம் குறைவுதானே என்று தோன்றும். காற்று தள்ளுவது பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்து இல்லை. வழியில் எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதைப் பார்த்துத்தான்.

ரைபிளில் என்ன பார்க்க வேண்டும் என்றால், குழலின் இரண்டு முனை. பின் முனையில் ரவை உட்காரும் அறை. போட்டி ரைபிளில் அது இறுக்கமாக வெட்டப்பட்டிருக்கும்; ரவையை உள்ளே தள்ளும்போது கடைசியில் ஈயம் குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகளில் மெல்லக் கடிப்பதை விரல் உணரும். சாதாரண ரைபிளில் ரவை பொதுக்கென்று விழும். சிஇசட் 457இலேயே எம்டிஆர் என்ற வகைக்கு இறுக்கமான அறை உண்டு, மற்ற வகைகள் பலவற்றுக்கு இல்லை. கழகத்தில் இருப்பது எது என்று பாருங்கள். முன் முனை, ரவை வெளியேறும் வாய். அதில் ஒரு பக்கம் மட்டும் சின்னக் காயம் இருந்தாலும் பின்னால் இருந்து வரும் வாயு சமனில்லாமல் தள்ளி ரவையைச் சாய்த்துவிடும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கழகத்தில் சேர்ந்த புதிதில், ஆர்வக் கோளாறில், ஒரு நல்ல ரைபிளை இரும்புத் தண்டால் முன்பக்கமிருந்து, வழிகாட்டிக் குழாய் எதுவும் போடாமல், வாரம் தவறாமல் துலக்கினேன். நாலைந்து மாதத்தில் குரூப், அதாவது அட்டையில் ஓட்டைகள் விழும் கூட்டம், விரிந்தது. ரவையைக் குறை சொன்னேன், குறிகாட்டியைக் குறை சொன்னேன். கிழவர் ஒரு கண்ணாடி வில்லையை வைத்து வாயைக் காட்டினார்: ஆறு மணித் திசையில் தண்டு உரசி விளிம்பு மழுங்கியிருந்தது. லேத்தில் பிடித்து முனையைச் சில மில்லிமீட்டர் வெட்டி, வாயைப் புதிதாகக் கடைந்தேன். பழைய குரூப் திரும்பி வந்தது. அன்றிலிருந்து பின்பக்கமிருந்து மட்டும், பூச்சுப் போட்ட தண்டு, வழிகாட்டியோடு.

உங்கள் 1407 பழசு என்பதால் பயப்பட வேண்டாம். அன்ஷூட்ஸ் 1856 இல் தொடங்கிய வீடு. போருக்குப் பிறகு உல்ம் நகரத்தில் திரும்பவும் ஆரம்பித்தார்கள். ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் அவர்களுடைய மெச் 54 என்ற பொல்ட் அமைப்பு இத்தனை வருடம் போட்டி வரிசையில் நின்று பேர் வாங்கியது. இரண்டு இடத்தில் மட்டும் வயது தெரியும். ஒன்று, ஊசியைத் தள்ளும் சுருள்வில். தளர்ந்தால் அடி மெலியும், ரவை ஒழுங்காகப் பற்றாது, குரூப் மேலும் கீழுமாக நீளும். குரூப் நெடுக்காக நின்றால் முதலில் அந்த வில்லை மாற்றுங்கள். ரைபிளின் விலையோடு பார்த்தால் அது காசே இல்லை. மற்றது, மரக்கட்டை. ஈரத்தில் ஊதி, உலர்ந்து சுருங்கி, இரும்பைப் பிடிக்கும் பிடி மாறிவிடும். திருகாணிகளை ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்துக்கு, டோர்க் சாவியால் இறுக்குங்கள்.

அப்புறம் உடம்புக்குப் பொருந்துவது. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும், ஆனால் முதலில் எழுதினால் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். 1407இன் காலத்துக் கட்டையில் கன்னம் வைக்கும் பலகை ஏறி இறங்காது. நீங்கள் கழுத்தை நீட்டியோ அமுக்கியோ குறிகாட்டியைத் தேடினால், ஐந்து கிலோ ரைபிள் எவ்வளவு நேராகச் சுட்டாலும் பயன் இல்லை. சோதனை இலகு: கண்ணை மூடிக்கொண்டு நிலை எடுங்கள், கன்னத்தைக் கட்டையில் சாயுங்கள், இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். முன் வளையமும் அட்டையின் கறுப்பு வட்டமும் தானாக ஒன்றில் ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லை என்றால் ரைபிளைத் திருத்துங்கள், கழுத்தைத் திருத்தாதீர்கள். கன்னப் பக்கம் தக்கைத் துண்டு ஒட்டலாம், பின்தட்டுக்கு இடையில் பலகை வைக்கலாம். ஏர் ரைபிளில் கற்ற நிலை இங்கே அப்படியே கை கொடுக்கும். டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன நம் நாட்டுத் தெஹானி எகொடவெல சுட்டதும் 10 மீட்டர் ஏர் ரைபிள்தான். அந்த ஒரு வருடத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

சொந்தமாக வாங்குவது என்ற இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். அன்ஷூட்ஸ், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், சுவிஸ் நாட்டு பிளைக்கர், க்ரூனிக் எல்மிகர், இந்த ஐந்தில் எதை வாங்கினாலும் குழலின் தரத்தால் நீங்கள் தோற்கப் போவதில்லை. சுவிஸ் ரைபிள்களின் விலை உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும். என்னைக் கேட்டால் நன்றாகப் பார்த்துக்கொண்ட பழைய அன்ஷூட்ஸ் ஒன்றும், மிஞ்சும் காசுக்கு ஒரே லொட்டில் ரவையும். வாரம் இரண்டு நாள், நாளுக்கு 80 ரவை என்று வையுங்கள். 50 வாரத்தில் 8000. காசு எங்கே போகிறது என்று இப்போது தெரியும்.

சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ரைபிளும் இல்லை, ரவையும் இல்லை, அதை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். கழகத்துச் செயலாளர் வழியாக மட்டும் போங்கள். இணையத்தில் யாராவது "எடுத்துத் தாறேன்" என்றால் பதில்கூடப் போடாதீர்கள்.

இதுவரை சொன்னது நான் கைப்படப் பார்த்தது. இனிச் சொல்வது பாதி நம்பிக்கை. குழலின் முனையில் பூட்டும் டியூனர் எடை வேலை செய்யும் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. அதை முன்னும் பின்னும் நகர்த்தி நானும் பல நூறு ரவை சுட்டேன். வந்த வித்தியாசம் எடையால் வந்ததா, அன்றைய காற்றால் வந்ததா என்று பிரிக்க முடியவில்லை. ரவையின் விளிம்புத் தடிப்பை அளந்து தரம் பிரிப்பது மலிவு ரவையில் கொஞ்சம் உதவும், நல்ல ரவையில் வீண் வேலை. குழலை எத்தனை ரவைக்கு ஒருமுறை துலக்குவது என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விடை தருவார்கள். குரூப் விரியும் வரை குழலைத் தொடாமல், ரவை அறையில் படியும் கரி வளையத்தை மட்டும் அடிக்கடி எடுப்பது என் பழக்கம். இதைவிட நல்ல வழி இருக்கலாம்.

நம்மூருக்கு வந்தால் இரண்டு சங்கதி ஜெர்மனிக்காரன் சொல்லித் தர மாட்டான். ஒன்று உப்பு. திரும்பி வந்த முதல் மாதம், உப்புவெளி வீட்டு யன்னல் ஓரத்தில் ஓர் உருக்கு அளவுகோலை வைத்துவிட்டு மறந்துபோனேன். ஒரு வாரத்தில் சென்டிமீட்டர்க் கோடுகள் செம்மண் நிறமாகிவிட்டன. உங்கள் ரைபிள் கொழும்பில் இருந்தாலும் அதுவும் கடற்கரைதான். சுட்டு முடிந்ததும் வியர்வை பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்து, உறைக்குள் மூடி வைக்காமல் காற்றுப் படும்படி களஞ்சியத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். நுரைப்பஞ்சு போட்ட பெட்டி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்; பயணத்துக்கு மட்டும் அது. வெயிலில் நிற்கும் வானுக்குள் ரவைப் பெட்டியை விடாதீர்கள், மேலே பூசிய மெழுகு இளகிவிடும். வெப்பத்தால் ஒரு நன்மையும் உண்டு. 30 பாகையில் ஒலியின் வேகம் 349 மீட்டர் அளவில் ஏறிவிடுவதால், ஐரோப்பாக் குளிரில் ஒலி வேகத்தை முட்டிக்கொண்டு நிற்கும் ரவை இங்கே வசதியாகக் கீழே பறக்கும்.

மற்றது காற்று. வினாடிக்கு 4 மீட்டர் பக்கக் காற்று 50 மீட்டரில் ரவையை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளும். பத்தாக இருக்க வேண்டியது எட்டுக்குப் போய்விடும். எந்த ரைபிளும் அதைத் திருப்பித் தராது. இதில் திருகோணமலைக்காரனுக்கு ஒரு வரம் இருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது (கடலை இல்லை, காற்று) உப்புவெளிக் கரையில் போய் நில்லுங்கள். தரைப்பக்கமிருந்து கடலுக்கு வீசும் அந்தக் காற்று ஒரே மாதிரி வீசாது. அடித்து, ஓய்ந்து, பிறகு கொஞ்சம் திசை மாறி அடிக்கும். இரண்டு தடியில் நாடா கட்டி, 50 மீட்டர் வரிசையில் கொடி நடுவது போல 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் நட்டு, அரை மணி நேரம் அதையே பாருங்கள். எந்த நிலை அடிக்கடி திரும்பி வருகிறது என்று கண்டுபிடியுங்கள். போட்டியில் அந்த நிலை வரும்போது மட்டும் சுட வேண்டும், மற்ற நேரம் காத்திருக்க வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் கச்சானும் சோளகமும் எப்போது மாறும் என்று வாசலில் இருந்தே சொல்வார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வெட்கமில்லை.

இனி உங்கள் இரண்டு ரைபிளுக்கும் தீர்ப்பு. அடுத்த முறை கழகத்துக்குப் போகும்போது பொறுப்பாளரின் அனுமதியோடு, இரண்டையும் மணல்மூட்டையில் வையுங்கள். சிஇசட்டின் ஸ்கோப்பை இந்தச் சோதனைக்குக் கழற்ற வேண்டாம். இரண்டு லொட் ரவை எடுங்கள். ரவை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் 15 ரவையை எண்ணாதீர்கள், பழைய மெழுகு போய்ப் புதிய மெழுகு குழலில் படிய வேண்டும். பிறகு பத்துப் பத்தாக நாலு குரூப். ஐந்து ரவைக் குரூப் அழகாகப் பொய் சொல்லும், அதை நம்பாதீர்கள். இரண்டும் நாணயத்துக்குள் நின்றால் 1407ஐ எடுங்கள், யோசிக்க வேண்டாம்: குறிகாட்டியும் எடையும் விசையும் போட்டிக்கென்றே செய்தவை. 1407 நெடுக்காக விரிந்தால் சுருள்வில்லை மாற்றிவிட்டு மறுபடி சுடுங்கள். எட்டுத் திசையிலும் விரிந்தால் குழலின் வாயைப் பாருங்கள். அதன் பிறகும் சிஇசட்தான் நன்றாகச் சுட்டது என்றால், அட்டைகளில் லொட் நம்பரை எழுதிப் படம் எடுத்து இங்கே போடுங்கள். முன் வளையத்துக்கு இருக்கை எப்படிச் செய்விப்பது என்று அளவோடு எழுதுகிறேன்.